கம்பியில்லாமல் வந்த நூற்று நாற்பத்து மூன்று கம்பிகள்

டானூப் நதிக்கரையில் இருக்கும் பிரயிலா நகரத்தில் ஸ்பிரிதோன் கை படாத லிஃப்ட் ஒன்றுகூடக் கிடையாது. அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் ஊரில் பாதிப் பேர் மாடியிலேயே தங்கிவிடுவார்கள், மீதிப் பாதி தெருவிலேயே நின்றுவிடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று. அவர் கை பட்டது நூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட்டுகள். காய்ச்சலில் படுத்ததும் ஒரே ஒரு முறைதான், அப்போதும் யாரும் தெருவில் நிற்கவில்லை, அவரைத் திட்டிக்கொண்டே படியேறினார்கள். ஆனால் இனிமேல் வருவதில் ஒரு திருகாணி அளவுகூடக் கூட்டல் இல்லை.

பதினான்காம் எண் கட்டடம், படிக்கட்டுக்கு ஒரு லிஃப்ட். அதில் பி படிக்கட்டு, இரண்டாம் மாடி. அங்கேதான் அவரும் மனைவி அக்லயாவும். வயது அறுபத்திரண்டு, சதை என்று சொல்ல உடம்பில் எதுவும் இல்லை. அவரை விட வயதில் சின்னவர்கள் எல்லாரும் மரியாதையாக, அண்ணாச்சி என்கிற மாதிரி, நேயா ஸ்பிரு என்று கூப்பிடுவார்கள். பெரியவர்களுக்கு வெறும் ஸ்பிரு.

பதினேழு வயதில் டானூபின் அக்கரையிலிருந்து படகேறி வந்து, லிஃப்ட் பராமரிக்கும் அரசு நிறுவனத்தில் சேர்ந்தவர். அரசாங்கம் மாறியது, நிறுவனமும் மூடப்பட்டது. அங்கே அலமாரி அலமாரியாக இருந்த மின் வரைபடங்கள் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால்பந்து மைதானத்து வாசலில் ஸ்பிரு சூரியகாந்தி விதை வாங்கினார். கொறித்து முடித்துப் பொட்டலத்தைக் கசக்கப் போனவர் கை அப்படியே நின்றது. பொட்டலக் காகிதத்தில் எட்டாம் எண் கட்டடத்து லிஃப்ட்!

விதைக்காரியிடம் ஓடினார். "அம்மா, இந்த மாதிரிக் காகிதம் இன்னும் இருக்கா?"

"ஒரு மூட்டை இருந்துச்சுப்பா. போன ஆட்டத்துல நம்ம பசங்க நாலு கோல் போட்டானுங்க. ஊரே கொறிச்சு ஊரே தூக்கிப் போட்டுடுச்சு."

உப்பும் எண்ணெயும் ஊறிய அந்த ஒரு காகிதம்தான் அவரிடம் மிஞ்சிய ஒரே வரைபடம். மற்ற நூற்றுப் பதினொன்றுக்கும் ஆதாரம் எதுவும் இல்லை. அந்த லிஃப்ட்டுகளோ மூன்று தலைமுறை ஒட்டுப்போட்டவை. ஒன்றில் சிவப்புக் கம்பி செய்யும் வேலையை இன்னொன்றில் கறுப்பு செய்யும். மூன்றாவதில் யாரோ வீட்டு மணிக்கு வாங்கிய கம்பி செய்துகொண்டிருக்கும். முதலில் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்தார். பிறகு கேமரா வைத்த போன் வந்தது. அதிலிருந்து பதினோரு வருடமாக அவருக்கு ஒரே சட்டம்: படம் எடுக்காத கம்பியில் கை வைக்கக் கூடாது. முதலில் கட்டடத்தின் எண் பலகையை ஒரு படம், பிறகு கம்பிகள் எல்லாம் வந்து சேரும் ரிலே பலகை, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். தன் கல்யாணப் படம் எங்கே இருக்கிறதென்று கேட்டால் விழிப்பார். இருபத்தேழாம் கட்டடத்தில் ஐந்தாம் மாடிப் பொத்தானின் கம்பி எங்கே போகிறது என்று கேட்டால், சூப் குடித்துக்கொண்டே போனை நீட்டுவார்.

அவருக்குச் சாமி நம்பிக்கை உண்டு, ஆனால் அதைவிட உறுதியான நம்பிக்கை ஒன்று இருந்தது: எது எங்கே போனாலும் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். இந்த முனையை இழுத்தால் அந்த முனை ஆட வேண்டும். ஆடாதது எதுவும் உண்மை இல்லை.

அதனால்தான் ஒரு கிறிஸ்துமஸுக்கு க்ளூஜ் நகரத்திலிருந்து வந்த மகள் ஸ்மரந்தா, செங்கல் இரண்டை அடுக்கிய மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியைக் கூடத்து அலமாரியில் வைத்தபோது அவர் முகம் கோணியது.

"இதுக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்குப்பா. நீங்க வெளிய எடுக்குற படமெல்லாம், வீட்டுக்குள்ள வந்து போனைச் சார்ஜ்ல போட்டா, தானா இதுக்குள்ள வந்துடும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணுல இருக்கும்."

"ஒயரு எங்க?"

"ஒயரு வேணாம்பா. வைஃபை."

"ரூட்டர்லேருந்து பெட்டிக்கு ஒயர் போட்டிருக்கியே."

"அது பெட்டிக்கு. போனுக்கு வேணாம்."

"அப்ப போன்லேருந்து எது வழியா வரும்?"

"காத்து வழியா."

ஸ்பிரு மகளை ஒரு பார்வை பார்த்தார். ஐந்து வருடம் கல்லூரியில் படிக்க வைத்ததற்கு இதுதானா என்று கேட்கிற பார்வை. அவள் ரயிலேறிய மறுநாள், சமையலறையில் போனைச் சார்ஜில் வைக்கும் இடத்திலிருந்து கூடத்துப் பெட்டிவரை, சுவர் ஓரமாக ஒரு மெல்லிய செப்புக் கம்பியை ஓட்டினார். இரண்டு முனையிலும் ஒட்டுநாடாதான். அது எதையும் சுமக்காது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தாலும் ஒரு கம்பி இருந்தால் மனசுக்கு நிம்மதி.

அக்லயாவின் கவலை வேறு. வீட்டில் ஒரு கண்ணாடி மீன் இருந்தது, பச்சையும் ஆரஞ்சுமாக, வாயைப் பிளந்துகொண்டு. பழைய டிவியின் தலைமேல், அவள் கையால் பின்னிய வெள்ளைக் குரோஷே விரிப்பின்மேல், முப்பது வருடம் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. சுவரில் தொங்கும் தட்டை டிவி வந்ததிலிருந்து அதற்கு உட்கார இடமில்லை. ஜன்னல் விளிம்பு, குளிர்ப்பெட்டி, செருப்பு அலமாரி என்று அகதியாக அலைந்தது. கறுப்புப் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிற்சாலைக்காரர்களுக்கும் கடைசியில் புத்தி வந்து, மீன் உட்கார ஒரு பீடம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். விரிப்பை நான்கு பக்கமும் தொங்கவிட்டு மீனை ஏற்றினாள். கண் படாமல் இருக்க து, து, து என்று மூன்று முறை துப்பினாள். பெட்டி மூச்சு விடும் ஓட்டைகள் எல்லாம் பூப்பின்னலுக்கு அடியில் போயின.

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம் வந்தது. அந்த வாரம் பி படிக்கட்டின் லிஃப்ட்டில் தீய்ந்த வாடை. ஸ்பிரு பத்தாம் மாடிக்கு மேலே மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்தார். ரிலேக்களைத் தாங்கும் பலகை கருகியிருந்தது. முழுக்கக் கழற்றி, புதுப் பலகையில் மாற்ற வேண்டும். நூற்று நாற்பத்து மூன்று கம்பிகள். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள் வேலை.

திங்கட்கிழமைதான் சிக்கல். ஒன்பதாம் மாடியில் ஹரலாம்பியே இருந்தார். டானூபில் முப்பத்தைந்து வருடம் சரக்குக் கப்பல் ஓட்டியவர், எல்லாருக்கும் கேப்டன். எழுபத்து நான்கு வயது, நூற்று முப்பது கிலோ, இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்து இரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும். அதற்கு முந்திய வருடம் ஒரு நாள் லிஃப்ட் நின்றபோது நான்கு பேர் அவரைத் தூக்கிப் பார்த்தார்கள். ஏழாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியோடு சிக்கிக்கொண்டு, முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் போக முடியாமல், கைப்பிடிக் கிராதியை அறுத்துத்தான் விடுவித்தார்கள்.

"ஒரு திங்கக்கிழமை தப்பிச்சுன்னா புதன்கிழமை பத்திப் பேச வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றார் கேப்டன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, பதினோரு மணிக்குக் கடைசியாக, ஸ்பிருவோடும் அக்லயாவோடும், அந்த லிஃப்ட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு சோஃபாவுல படுத்துக்குங்க கேப்டன்" என்றாள் அக்லயா. "ரெண்டாம் மாடிதானே. மூணு நாள்தானே."

"கப்பல் ரிப்பேர்னா கேப்டன் கரையில போய்ப் படுப்பானா? ஸ்பிரு, என்னைக்கு ஓடும்?"

"திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு நீங்க கீழ இருப்பீங்க."

"அவ்ளோதான். நீ திங்கக்கிழமைன்னா திங்கக்கிழமை."

கேப்டன் இறங்கியதும் ஸ்பிரு மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் படம் எடுக்க ஆரம்பித்தார். எண் பலகையோடு சேர்த்து ஐம்பத்தெட்டு படம். பன்னிரண்டரைக்குச் சாப்பிட இறங்கினார். மொச்சைச் சூப்பும் மக்காச்சோளக் களியும். வழக்கம்போலப் போனைச் சார்ஜில் வைத்தார். சாப்பிட்டு, இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு மணிக்கு மேலே போனார். மூன்று மணிக்குள் நூற்று நாற்பத்து மூன்று கம்பிகளும் கழன்று, மீசை மாதிரி இரண்டு பக்கமும் தொங்கின. புதுப் பலகையைப் பொருத்தினார். முதல் கம்பி எது என்று பார்க்க, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் குனிந்தார்.

மோட்டார் அறையின் தரையில், லிஃப்ட்டின் இரும்புக் கயிறுகள் இறங்க ஒரு ஓட்டை உண்டு. கையகல ஓட்டை. போன் விரலிலிருந்து நழுவித் தரையில் ஒரு குதி குதித்து, வேறு எங்கேயும் போகத் தோன்றாமல், நேராக அதற்குள் போனது.

ஸ்பிரு காதைக் கொடுத்துக் கேட்டார். டக். டக். ஒன்பதாம் மாடி, எட்டாம் மாடி என்று எண்ண முடிந்தது. பிறகு சத்தமில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு ப்ளுக். நிலவறைத் தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் வந்து நிற்காத ஒரு கட்டடம் பிரயிலாவில் உண்டா?

முழங்கால்வரை இறங்கித் துழாவி எடுத்தார். கண்ணாடி சுக்குநூறு. உயிரில்லை. அக்லயா அதை வாங்கி, களிக்கு வைத்திருந்த மக்காச்சோள மாவுக்குள் புதைத்தாள். ஈரம் போனால் எழுந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். எழவில்லை. அந்த மாவு மட்டும் வீணாகியது.

ஸ்பிரு சமையலறை நாற்காலியில், காலிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்தார். "நானே கொன்னுட்டேன் அந்த ஆளை" என்றார்.

"ஏ மனுஷா, வாயக் கழுவு! ஒனக்குத் தெரியாத ஒயரா? யோசிச்சு மாட்டு."

"நூத்தி நாப்பத்தி மூணு, அக்லயா. ஒண்ணு மாறினாலும் கதவு தொறந்தபடியே மேல போகும். ஆள நடுவுல நறுக்கிரும்."

அக்லயா தன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அம்மா, அழாதீங்க. மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தாரா? போனைச் சார்ஜ்ல வெச்சாரா? அப்பப் படமெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கும். இருங்க, நான் இங்கேருந்தே பாக்குறேன்." போனில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "பெட்டி பதில் சொல்லலையே. விளக்கு எரியுதா?"

கூடத்துக்கு ஓடினார்கள். மீனைத் தூக்கி, விரிப்பை இழுத்தார்கள். விளக்கு இல்லை. ஸ்பிரு பெட்டியின்மேல் கை வைத்தார். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவர்போல வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"சூடு தாங்காம அதுவே அணைஞ்சுடுச்சு" என்றாள் ஸ்மரந்தா. "மேல ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

அக்லயா மீனை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் கனமா இல்லடி" என்றாள் மெதுவாக.

"எப்ப அணைஞ்சுதுன்னு தெரியலையே. அப்பா சாப்பிட வர்றதுக்கு முன்னாடியே அணைஞ்சிருந்தா ஒரு படம்கூட வந்திருக்காது. முதல்ல ஆற விடுங்க. நல்லாக் காத்தோட்டமா வைங்க. ரெண்டு பக்க ஜன்னலையும் தொறங்க."

ஸ்பிரு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அந்த வீட்டில் எதிரெதிர் ஜன்னல்கள் ஒரே நேரத்தில் திறந்ததே இல்லை. குறுக்கே அடிக்கும் காற்று பட்டால் காது போகும், பல் போகும், வாய் கோணும், ஆளே போகலாம் என்பது அக்லயாவுக்கு மட்டுமல்ல, அந்தப் படிக்கட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். ஆகஸ்ட் வெயிலில் பேருந்தில் யாராவது இரண்டாவது ஜன்னலைத் தொட்டால் கைகலப்பே வந்துவிடும்.

அக்லயா மீனைச் சோஃபாவில் படுக்க வைத்தாள். தலையில் ஒரு கம்பளித் துண்டைக் காதை மூடிக் கட்டினாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். சமையலறை ஜன்னலைத் திறந்தாள். பிறகு கூடத்து ஜன்னலையும் திறந்தாள். டானூபிலிருந்து வந்த பங்குனிக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போனது. திரைச்சீலை டிவிவரை பறந்தது. அவள் அதன் நடுவிலேயே, பெட்டிக்குப் பக்கத்தில், அசையாமல் நின்றாள். ஸ்பிருவின் மனசுக்குள் அன்றைய ஆச்சரியங்களில் முதல் ஆச்சரியம் அப்போதே வந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தினார்கள். பெட்டிக்குள் ஏதோ முனகியது. பச்சை விளக்கு ஒன்று, பிறகு இரண்டு. மகள் சொல்லச் சொல்ல அக்லயா டிவியில் ஏதேதோ அழுத்தினாள்.

திரை நிறைந்தது.

எல்லாம் வந்தது. பதினோரு வருடம் வந்தது. எண் பலகைகள், ரிலேக்கள், கம்பிக் கற்றைகள், வரிசை வரிசையாக, தபால்தலை அளவில், மேலே தள்ளத் தள்ளத் தீராமல். நாற்பதாம் கட்டடத்துக் கூரையில் பனி. மோட்டார் அறைப் புகைபோக்கியில் குஞ்சுகளோடு ஒரு நாரை. எடுத்ததாக அவருக்கே நினைவில்லாத, அக்லயா தக்காளி அரியும் கை. ஊரிலிருந்த லிஃப்ட் அத்தனையும் அந்த இரண்டு செங்கல் அளவுப் பெட்டிக்குள் ஏறி, சத்தமில்லாமல் வந்து நின்றிருந்தன.

ஸ்பிரு தொப்பியைக் கழற்றினார்.

"கடைசிப் படம் என்னப்பா?" என்றாள் மகள்.

கடைசிப் படத்தில் மொச்சைச் சூப் கிண்ணமும், பாதி கூரையும். போனைக் கீழே வைக்கும்போது தவறி அழுத்தியது. மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று. அதற்கு முன்னால் பி படிக்கட்டு, ஐம்பத்தெட்டும் இருந்தன. ஒன்றில் மட்டும் அவருடைய கட்டைவிரல் முக்கால்வாசியை மறைத்திருந்தது.

"பெட்டி ஒண்ணு பத்துக்குத்தான் அணைஞ்சிருக்கு" என்றாள் ஸ்மரந்தா. "அவ்ளோ சூட்டுலயும் எல்லாத்தையும் வாங்கி வெச்சுட்டுத்தான் கண்ணை மூடியிருக்கு. பாவம்."

அக்லயா பெட்டியைப் பார்த்து து, து, து என்றாள்.

ஸ்பிரு எழுந்து சமையலறைக்குப் போனார். சார்ஜர் இடத்தில் ஒட்டியிருந்த செப்புக் கம்பியைப் பிடித்து லேசாக இழுத்தார். இழுத்தது இழுத்தபடி கையோடு வந்தது, ஒரு முழம். அவ்வளவுதான் இருந்தது.

"மிச்சம் எங்க?"

"பிப்ரவரியில வெட்டினேன்" என்றாள் அக்லயா. "பால்கனியில வெங்காயச் சரம் கட்ட ஒரு கம்பி வேணுமா இருந்துச்சு. ஏன், அது வேலை செஞ்சுக்கிட்டா இருந்துச்சு?"

அவர் சார்ஜருக்கும் பெட்டிக்கும் நடுவே, சமையலறை வாசலில் வந்து நின்றார். கையை நீட்டிக் காற்றில் மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த இடத்தைக் கடந்துதான் நூற்று நாற்பத்து மூன்று கம்பிகளும் போயிருந்தன. அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் காதோரமாக, கிண்ணத்து ஆவியைக்கூடக் கலைக்காமல்.

"இவ்ளோ நாளா நான் இதுக்கு நடுவுலதான் நடந்துக்கிட்டிருந்தேனா?" என்றார்.

அன்றிலிருந்து அந்த வாசலைத் தாண்டும்போது ஸ்பிரு கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித்தான் நடப்பார். தேவாலயத்தில் கும்பிடுகிறவர்களுக்குக் குறுக்கே போகும்போது ஒதுங்குவது போல.

சனியும் ஞாயிறும் பத்தாம் மாடிக்கு மேலே இரண்டு பேர் வேலை செய்தார்கள். பெட்டியிலிருந்து படங்களைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு, தலையில் கம்பளித் துண்டோடு, கவிழ்த்துப் போட்ட வாளியில் அக்லயா உட்கார்ந்திருந்தாள். போனில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை அவள் மணிக்கட்டில்.

"மஞ்சள். மூணாவது திருகாணி."

"எந்த மஞ்சள்? எலுமிச்சையா, களியா?"

"களி. ஏ மனுஷா, அது நீலம்!"

"கண்ணாடி போட்டிருக்கேன், தெரியுது பொம்பளே."

"மூக்குல போட்டிருக்க, கண்ணுல போடல."

கயிற்றுக்கூடை வழியாக ஒன்பதாம் மாடியிலிருந்து கேப்டன் அவர்களுக்கு உப்பிட்ட ஆலிவ் காயும் ரொட்டியும் அனுப்பினார். கூடவே, "கப்பல் எப்ப கிளம்பும்?" என்று ஒரு சீட்டு. ஸ்பிரு அதன் பின்பக்கம் "திங்கள், ஆறு" என்று எழுதி அனுப்பினார். ஞாயிறு மாலை வெளிச்சம் இருக்கும்போதே கடைசித் திருகாணி இறுகியது. ஆளில்லாமல் இருபது முறை, மணல் மூட்டைகளோடு பத்து முறை ஓட்டிப் பார்த்தார். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் அசையவில்லை. அதை மட்டும் நாற்பது முறை சோதித்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, ஒரு குலுக்கல் இல்லாமல், நூற்று நாற்பத்து மூன்று கம்பிகளும் பிறந்த வீட்டுக்கே திரும்பிய சந்தோஷத்தில், லிஃப்ட் கேப்டனைச் சுமந்துகொண்டு தரைத்தளத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. ஸ்பிரு எதிரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இந்த வருட ஈஸ்டர் விருந்தில், இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்து எல்லாரும் பெட்டிக்கு நேராகக் கோப்பையைத் தூக்கியபோது, மேசைக் கோடியில் இரண்டு நாற்காலியை இணைத்து உட்கார்ந்திருந்த கேப்டன் ஹரலாம்பியே தொண்டையைச் செருமினார். பக்கத்தில் செருப்பு அலமாரிமேல் கண்ணாடி மீன் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"எல்லாம் சரிதான். ஆனா எல்லா ஒயரும் வீட்டுக்குத் திரும்புச்சுன்னு யார் சொன்னது? அந்தக் கட்டைவிரல் படத்துல இருந்த ரெண்டு மாறிப்போச்சு. மூணை அழுத்தினா நாலுக்குப் போகுது, நாலை அழுத்தினா மூணுக்கு. ஒரு வருஷமா இந்தப் படிக்கட்டு முழுக்க அப்படித்தான் அழுத்திக்கிட்டிருக்கோம், வெளியாளு வந்தா மட்டும்தான் முழிக்கிறான். அப்புறம், ஆறு மணி இல்ல. அஞ்சு அம்பது. உள்ள இருந்தது நான்தானே?"